எழுபத்தொன்றுக்கு எழுபது

கண் ஆஸ்பத்திரியில் அவளுடைய வேலையே விரல் காட்டுவதுதான். எழுத்துப் பலகையின் மேல்வரிகூடத் தெரியவில்லை என்று கையை விரிக்கிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, நான்கடி தள்ளி நின்று, "இது எத்தனை விரல், சொல்லுங்க" என்று கேட்பாள். தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியாதவர்கள் குத்துமதிப்பாக ஒன்றை அடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களை அவள் விடமாட்டாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நீங்க பாட்டுக்கு அடிச்சு விட்டா நான் தப்பா எழுதிடுவேன்ல?" இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே சுருக்கென்று குத்தும். இருபத்து நான்கு வருஷமாகக் குத்துகிறது. ஏனென்றால் நடுவர் ஒருவர் காட்டிய இரண்டு விரலை, பார்வையில் எந்தக் கோளாறும் இல்லாத அவள், மூன்று என்று எழுதியவள். அதுவும் தேசிய கூடைப்பந்து லீகின் இறுதி ஆட்டத்தில். அதுவும் சொந்த அண்ணனின் அணிக்கு எதிராக.

வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரி. சனி, ஞாயிறு வந்தால் அவள் 'டேபிள் அக்கா'. கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மேஜையைக் கவனித்திருக்க மாட்டார்கள். மைதானத்தின் நீளவாக்கில் நடுவே ஒரு மேஜை, அதன் பின்னால் நாலைந்து பேர். நேரம் பார்ப்பவர் ஒருவர், போர்டில் எண் ஏற்றுபவர் ஒருவர், எல்லோருக்கும் நடுவில் ஸ்கோர் ஷீட் எழுதுபவர். அந்த நடு நாற்காலி அவளுடையது. ஒன்றாம், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனா, இரண்டுக்கும் நான்குக்கும் நீலம். தாளில் இரண்டு அணிக்கும் ஒன்றிலிருந்து நூற்றறுபது வரை எண்கள் வரிசையாக அச்சாகி இருக்கும். கூடையில் பந்து விழ விழ, அந்த எண்ணின் மேல் ஒரு சாய்வுக் கோடு, பக்கத்தில் போட்டவனின் சட்டை எண். சாதாரணக் கூடைக்கு இரண்டு புள்ளி. வளைந்த கோட்டை மிதிக்காமல் வெளியே நின்று போட்ட மூன்று புள்ளிப் பந்து என்றால் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். தண்டனை எறிதலான ஃப்ரீ த்ரோ விழுந்தால் கோட்டுக்குப் பதில் ஒரு கறுத்த பொட்டு. விழாத பந்துக்கு எதுவுமே கிடையாது. அந்தத் தாளுக்கு விழாத பந்தைப் பற்றி அக்கறை இல்லை.

அவள் எழுதிவிட்டு எண்ணைச் சத்தமாகச் சொல்வாள். போர்டுக்காரர் ஏற்றுவார். அவர் ஒரு விசித்திரமான மனிதர். ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டார். பார்த்தால் கை தடுமாறும் என்பார். அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஸ்கோரர் சொன்னா ஏத்துவேன். பிரதமரே வந்து சொன்னாலும் ஏத்த மாட்டேன்" என்பது அவர் கொள்கை.

லீகுக்கு இப்போது முப்பது வயது. அதன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் செயலாளரிடம் போவது வீண். அவருக்குத் தலைமை விருந்தினர்களின் பெயர்கள்தான் நினைவிருக்கும். அவளைக் கேட்க வேண்டும். முதல் இரண்டு வருஷமும் ரயில்வே கோப்பையை எடுத்தது. அப்போது ஆட்டங்கள் திறந்தவெளி சிமென்ட் தரையில். மழை வந்தால் ஷீட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓடுவாள். மூன்றாம் வருஷம் போலீஸ். அந்த அணி பந்தைப் போடுவதைவிட ஆளைத் தள்ளுவதில் கெட்டி. ஷீட்டில் ஃபவுல் கட்டங்கள் போதாமல் போயின. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது வருஷங்கள் துறைமுகம். மூன்று முறை தொடர்ந்து வென்ற ஒரே அணி. 'ஹாட்ரிக் துறைமுகம்' என்று இன்றைக்கும் பேசுகிறார்கள், பாடாத குறையாக. பிறகு வங்கி, மறுபடி ரயில்வே, மறுபடி வங்கி. பத்து வருஷத்துக்கு முன் துறைகள் எல்லாம் அணியைக் கலைத்துவிட, தனியார் முதலாளிகள் வந்து புலி, கழுகு, காளை என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து மிருகக்காட்சிச் சாலைதான். போன வருஷம் கழுகு புலியை வென்றது. அதையும் அவள்தான் எழுதினாள்.

இந்தப் பட்டியலில் மின்வாரியம் எங்கேயும் இல்லை. இறுதி ஆட்டத்துக்கு அது வந்ததே ஒரு முறைதான், ஆறாம் வருஷம். அதன் கேப்டன் அவளுடைய அண்ணன்.

அந்த ஆட்டத்துக்குத் தான் எழுத வேண்டாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். எழுத வேண்டியவருக்குக் காய்ச்சல். இப்போதைய செயலாளர் அப்போது சும்மா ஒரு அமைப்பாளர். பேட்ஜ் மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுகிற ஆள்.

"அண்ணன் ஆடுறாருங்க. நான் எழுதினா நல்லாவா இருக்கும்?"

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. டிவிக்காரன் வேற வந்திருக்கான். உக்காருங்க."

உட்கார்ந்தாள். துறைமுகப் பயிற்சியாளர் ஷீட்டில் கையெழுத்துப் போட வந்தவர், பத்துப் பேர் கேட்க, "பாத்தும்மா. அண்ணனுக்கு ரெண்டு சேத்துப் போட்டுறப் போற" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார். அந்தச் சொல் போகவில்லை. ஆட்டம் முழுக்க அது அவள் தோளில் உட்கார்ந்திருந்தது. மின்வாரியம் கூடை போடும்போதெல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து எழுதினாள். துறைமுகம் போட்டால் ஒரு முறை பார்த்தது போதுமென்று எழுதினாள். நியாயமாக நடந்துகொள்வதாக அவள் எண்ணம்!

துறைமுகத்தில் ஒரு இடதுகை ஆட்டக்காரர் இருந்தார். எல்லோரும் அவரை இடதுகை என்றே கூப்பிடுவார்கள். அவர் வலது மூலையில் போய் நின்றாலே பந்து விழும். அன்றைக்கு அங்கிருந்து மூன்று முறை மூன்று புள்ளி போட்டிருந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் அதே மூலை, அதே கை, பந்து விழுந்தது. அவள் கை தானாக அவருடைய சட்டை எண்ணான ஒன்பதை எழுதி வட்டம் போட்டது. அறுபத்தெட்டு, எழுபத்தொன்று. "துறைமுகம் எழுபத்தொண்ணு." போர்டுக்காரர் ஏற்றினார். கூட்டம் கத்திய கத்தலில் கூரை அதிர்ந்தது. நடுவர் மூலையோரமாக நின்று இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். அதை அவள் கண் பார்த்தது. ஆனால் கை முந்திக்கொண்டது.

அடுத்து மின்வாரியம் ஒரு கூடை போட்டு எழுபத்தொன்று, அறுபத்தொன்பது ஆனது. கடைசி இரண்டு விநாடி இருக்கும்போது அண்ணனை யாரோ தள்ளிவிட, இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது, அவள் எழுபதின் மேல் பொட்டு வைத்தாள். இரண்டாவது வளையத்தில் பட்டு வெளியே துள்ளியது. மணி அடித்தது. அவ்வளவுதான். எழுபத்தொன்றுக்கு எழுபது. துறைமுகத்துக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். அண்ணன் ஃப்ரீ த்ரோ கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் ஷீட்டை ஒருமுறை மேலிருந்து கீழே சரிபார்க்க வேண்டும். அப்போதுதான், கடைசி வட்டத்தில் பேனா நுனி நின்றபோதுதான், அந்த இரண்டு விரல் அவள் கண்ணுக்குள் திரும்ப வந்தது. விதி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தலைமை நடுவர் கையெழுத்துப் போடும்வரை ஷீட்டில் எந்தத் தப்பையும் திருத்தலாம். போட்டுவிட்டால் அதுவே முடிவு. நடுவர் பேனாவுடன் மேஜைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். அமைப்பாளர் பின்னாலேயே, "சார், சீக்கிரம் போடுங்க, தலைமை விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினார்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் துறைமுகப் பயிற்சியாளரின் சொல் வந்து அடைத்துக்கொண்டது. அண்ணன் கோட்டில் உட்கார்ந்து அழுகிறான். தங்கை எழுந்து, எதிரணியின் ஒரு புள்ளியைக் குறைக்கச் சொல்கிறாள். யார் நம்புவார்கள்? டிவிக்காரன் வேறு. நடுவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டார். ஜெயித்தவர்களுக்கு இளஞ்சிவப்பு நகல், தோற்றவர்களுக்கு மஞ்சள் நகல். மஞ்சளைக் கிழித்து அண்ணனிடம் அவள்தான் கொடுத்தாள்.

அடுத்த வருஷமே மின்வாரியம் அணியைக் கலைத்தது. ஒரே ஒரு ஃப்ரீ த்ரோவைப் போடத் தெரியாத அணிக்கு எதற்கு இத்தனை விடுப்பு என்று யாரோ ஒரு மேலதிகாரி கேட்டாராம். கூட ஆடியவர்கள் பழையபடி கம்பத்தில் ஏறினார்கள். அண்ணனை மீட்டர் சோதனை அறையில் போட்டார்கள். இரண்டில் ஒன்று விழுந்ததால் அவனுக்கு 'ஒண்ணே ஒண்ணு' என்று பெயர் விழுந்தது. டீக்கடையில், "ஒண்ணே ஒண்ணு போதுமா, இன்னொண்ணு வேணுமா?" என்பார்கள். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல் இருக்கும். மைதானத்துப் பக்கம் அவன் அதற்குப் பிறகு தலைவைத்துப் படுக்கவில்லை. டிவியில் ஆட்டம் வந்தால் எழுந்துபோய்த் துவைத்த துணியை மறுபடி துவைப்பான் என்று அண்ணி சொல்வாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. மூன்று செயலாளர்களுக்கு ஆறு கடிதம் எழுதினாள். முதலாமவர் பதிலே போடவில்லை. இரண்டாமவர், நடுவரின் ஒப்புதல் வேண்டும் என்றார். நடுவர் அதற்குள் செத்துப்போயிருந்தார். மூன்றாமவர்தான் அந்தப் பழைய அமைப்பாளர். ஆதாரம் கேட்டார். டிவிக்காரனின் நாடாவில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். தப்புச் செய்தவளே வந்து தப்புச் செய்தேன் என்கிறாள், அதை ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் இல்லை. இப்படி ஒரு கூத்து உண்டா?

இந்த வருஷம் லீகின் முப்பதாவது ஆண்டு. விழா, மலர், பழைய சாம்பியன்களுக்குப் பொன்னாடை. செயலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். போனவுடன் காப்பி வந்தது. அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

"உங்கண்ணனை விழாவுக்குக் கூட்டிட்டு வரணும்மா."

"அவரு வரமாட்டாருங்க."

"அதான் உங்ககிட்ட சொல்றேன். ஒரு ஐட்டம் வெச்சிருக்கோம். அதே மாதிரி போர்டுல எழுபத்தொண்ணுக்கு எழுபதுன்னு போட்டு, அவரை அதே கோட்டுல நிக்க வெச்சு, அந்த ரெண்டாவது பந்தை மறுபடி போடச் சொல்றோம். விழுந்துதுன்னா ஜனம் கைதட்டும். விழலைன்னா..." சிரித்தார். "அதுவும் ஜாலிதான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி டம்ளரை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை. வைத்த இடம் ஒரு தடித்த அட்டையின் மேல். விழா மலரின் அட்டை, அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. முப்பது வருஷச் சரித்திரத்துக்கு அட்டைப்படமாக அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தது இடதுகையை. வலது மூலை, பந்து கையை விட்டுக் கிளம்புகிற நொடி. எந்தப் பத்திரிகைக்காரர் வீட்டுப் பெட்டியிலிருந்து தோண்டி எடுத்தார்களோ, பளிச்சென்ற படம். அவள் குனிந்தாள். இடதுகையின் வலது பாதம், முழுசாக மூன்று புள்ளிக் கோட்டின்மேல் இருந்தது. பின்னால் போர்டில் துறைமுகம் அறுபத்தெட்டு. அதற்கும் கீழே, ஓரமாக, விழுந்தால் இத்தனைதான் என்று நடுவர் ஒரு கையை உயர்த்தியிருந்தார். இரண்டு விரல்.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். "சார், இத பாருங்க. இது எத்தனை விரல்? சொல்லுங்க, எத்தனை விரல்?"

செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். நிதானமாகப் பார்த்தார். ஆள் பொய்யர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டுதான்."

"கால்?"

"கோட்டுமேலதான் இருக்கு. அடடா. இத்தனை நாள் நீங்க சொன்னது நெசந்தான் போல."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இருபத்து நான்கு வருஷம். "அப்ப மலர்ல போட்ருவீங்களா சார்? பட்டியலை மாத்த வேணாம். கப்பைத் திருப்பித் தர வேணாம். அந்த வருஷத்துக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம். கீழே ரெண்டே வரி. ஸ்கோரர் தப்பா எழுதிட்டாங்க, உண்மையான ஸ்கோர் எழுபதுக்கு எழுபதுன்னு. என் பேரையே போடுங்க."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "நட்சத்திரம் போட்டா ஹாட்ரிக் என்ன ஆகும்மா? துறைமுகத்துக்காரங்க மலருக்கு நடுப்பக்கம் விளம்பரமே 'ஹாட்ரிக் நாயகர்கள்'னு குடுத்திருக்காங்க." படத்தைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். நல்ல யோசனை வந்ததில் முகம் தெளிந்தது. "ஆனா நீங்க சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. இப்படியே போயிருந்தா எவனாவது கண்டுபிடிச்சிருப்பான். டைப்பிஸ்ட்டம்மா! அச்சகத்துக்குப் போன் போடுங்க. படத்தை முழங்காலுக்கு மேல வெட்டிடச் சொல்லுங்க. அந்த ஓரத்துக் கையையும்."

ஆதாரம் கிடைத்த ஐந்தாவது நிமிஷத்தில் அதைக் கத்தரிக்க வைத்தவள் அவளேதான். இந்த அழகுக்கு வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கலாம் என்று படியிறங்கும்போது தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் டம்ளர் கறை பட்ட அந்த அட்டையைச் செயலாளர் குப்பைக் கூடையில் போட்டிருந்தார்; அதைப் பைக்குள் செருகிக்கொண்டுதான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து இடதுகைக்குப் போன் செய்தாள். அவர் துறைமுகத்தில் ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

"கால் கோட்டுமேல இருந்துச்சுக்கா. எனக்கு அப்பவே தெரியும்" என்றார், ஏதோ சட்டை அளவைச் சொல்வதுபோல. "போர்டுல மூணு ஏறிச்சு. வேணாம்னு நானா சொல்லுவேன்?"

"இதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?"

"அய்யோ, அதெல்லாம் எதுக்குக்கா இப்ப. பொன்னாடை வேற போர்த்தறாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இனி ஒரே ஆள்தான் பாக்கி. முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஆளும் அவன்தான். மறுநாள் மதியம் மின்வாரிய மீட்டர் சோதனை அறைக்குப் போனாள். நீண்ட பலகைச் சுவர் முழுக்க மீட்டர்கள். ஒவ்வொன்றிலும் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவள் அட்டையை அவன் மடியில் வைத்து, விரலை, காலை, வட்டத்தை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் பெருமூச்சு விடுவான், தலையில் குட்டுவான், கடைசியில் சிரிப்பான் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவன் வெகுநேரம் படத்தைப் பார்த்தான்.

"அப்ப மொதல் பந்து விழுந்ததும் எழுபது, எழுபது."

"ஆமாண்ணா. நீ தோக்கடிக்கலை. சமன் பண்ணிட்ட."

"அப்ப ரெண்டாவது விழுந்திருந்தா?"

அவள் அதை யோசித்திருக்கவே இல்லை. இருபத்து நான்கு வருஷம் ஒரே கணக்கை உருப்போட்டவள், அடுத்த வரியைப் போட்டுப் பார்க்கவில்லை.

"எழுபத்தொண்ணு, எழுபது" என்றான் அவனே. "நமக்கு. கப்பு நமக்கு. நான் இத்தனை வருஷமா சமன் பண்ற பந்தை விட்டுட்டேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். கப்பையே விட்டிருக்கேன்னு இப்ப வந்து சொல்ற."

"அண்ணா, நான் அதுக்கு..."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி."

அவன் எழுந்து நின்றான். "முன்னாடியா?"

"நான் சொன்னா அண்ணனுக்காகச் சொல்றேன்னு பேசுவாங்கன்னு..."

"பேசினா பேசிட்டுப் போறான். நான் பத்தடி தூரத்துல உக்காந்திருந்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா எந்திரிச்சு வந்து, சமன்னா குடுக்கிற அஞ்சு நிமிஷம் ஓவர்டைமை ஆடியிருப்பேனே. தோத்தாலும் ஆடித் தோத்திருப்பேன்." அவன் குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஊரு என்ன சொல்லும்னு பாத்த. நான் என்ன ஆவேன்னு பாக்கலை. போ. வேலை கெடக்கு."

அவன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தான். எண்ணவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணி நடுவில் நின்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். அவனிடம் ஒரு வார்த்தையும் பெயரவில்லை. விழாவுக்கு அவன் வரமாட்டான் என்பது மட்டும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்தக் கேலிக்கூத்தாவது நடக்காது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உள்விளையாட்டரங்கில். மேஜையில் அவள், நேரம் பார்க்க ஒரு புதுப்பெண், போர்டுக்காரர். அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. மேஜையின் ஓரத்தில் விழா மலர்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். அட்டையில் இடதுகை முழங்காலுக்கு மேல் மட்டும் பறந்துகொண்டிருந்தார். பதினாலாம் பக்கத்தில் ஆறாம் வருஷத்துக்கு நேராக, துறைமுகம், எழுபத்தொன்றுக்கு எழுபது. நட்சத்திரம் இல்லை. முதல் வரிசையில் பொன்னாடையோடு இடதுகை உட்கார்ந்திருந்தார்.

புலிக்கும் கழுகுக்கும் நடந்த காட்சி ஆட்டத்தின் இடைவேளையில் மைக்காரன் ஆரம்பித்தான். "இப்போ நம்ம சரித்திரத்துலேயே மறக்க முடியாத ஒரு ஆளைக் கூப்பிடப் போறோம்!" அவள் தலைநிமிர்ந்தபோது எதிர்ப்பக்க வாசல் வழியாக அண்ணன் வந்துகொண்டிருந்தான். அலுவலகச் சட்டை, பேன்ட்டுக்குக் கீழே ரப்பர் ஷூ. அவள் பக்கம் திரும்பவில்லை. ஏன் வந்தான் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒருவேளை, கப்புக்கான பந்து எது என்று தெரிந்த பிறகு, அதை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்று தோன்றியிருக்கலாம்.

"ஒண்ணே ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு!" என்று கூட்டம் ராகம் போட்டது. செயலாளர் முன்னால் வந்து கையசைக்க, அவள் வேறு வழியில்லாமல் எண்களைச் சொன்னாள், போர்டுக்காரர் ஏற்றினார். துறைமுகம் 71. மின்வாரியம் 70. அண்ணன் கோட்டில் போய் நின்றான். ஒரு இளம் நடுவர் பந்தைக் கொடுத்தார்.

அதே போர்டு, அதே கோடு, பத்தடி தூரத்தில் அதே அண்ணன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி இருந்த அதே நேரம்.

"துறைமுகம் எழுபது" என்றாள்.

போர்டுக்காரர் அவள் வாயைப் பார்த்தார். "எழுபதா?"

"எழுபது. நான் தப்பா சொல்லிட்டேன். திருத்துங்க."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. விரலை அழுத்தினார். போர்டில் 71 அணைந்து 70 எரிந்தது. எழுபதுக்கு எழுபது.

கூட்டத்தில் சலசலப்பு. மைக்காரன், "போர்டுல ஏதோ கோளாறு, பொறுத்துக்குங்க" என்றான். செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு ஓடிவந்தார். "என்னம்மா இது? மாத்துங்க! யோவ், மாத்துய்யா!"

"ஸ்கோரர் சொன்னாத்தான் மாத்துவேன்" என்றார் போர்டுக்காரர்.

"நாளையிலேருந்து நீங்க டேபிள்ல உக்கார முடியாது, தெரிஞ்சுக்குங்க!"

"சரிங்க" என்றாள். சொன்னபடியே செய்தார்கள், அடுத்த வாரமே கடிதம் வந்தது. மலரில் இன்றைக்கும் எழுபத்தொன்றுக்கு எழுபதுதான். ஆனால் அந்த நேரத்தில், முதல் வரிசையில் இடதுகை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் போர்டைப் பார்த்தான். நிமிர்ந்த தலை கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை. பிறகு பந்தை, அந்தக் காலத்தில் செய்வதுபோலவே, மூன்று முறை தட்டினான். முழங்காலை மடக்கி எறிந்தான். பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது.

"மறுபடியும் விட்டுட்டாரு!" என்று மைக்காரன் அலறினான். அரங்கம் கொல்லென்று சிரித்தது.

அண்ணன் உருண்டுபோன பந்தைப் பிடித்து எடுத்துக்கொண்டு நேராக மேஜைக்கு வந்தான். பந்தை விழா மலர்களின் மேல் வைத்தான். மூச்சு வாங்கியது. வயது ஐம்பத்தெட்டு.

"விட்டுட்டேன்" என்றான்.

"பாத்தேன்."

"தோத்துட்டமா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்லண்ணா. சமன்தான். ஓவர்டைம் ஆடணும்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்."

அவன் நேரம் பார்க்கும் பெண்ணின் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து, இறுக்கிக் கட்ட ஆரம்பித்தான்.

"இதைத்தான் அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கணும் நீ" என்றான்.